அசையாத பந்து

வரைபடத்தில் எவ்வளவு தேடினாலும் அகப்படாத நாடு ஒன்று உண்டு. அதற்குச் செங்கால் நாடு என்று பெயர். அதன் வடக்கு எல்லையில் ஓர் ஆறு. ஆற்றுக்கு அப்பால் வடகரை நாடு. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இரு நாடுகளும் கோல்ஃப் ஆடும். இங்கிருந்து ஆறு பேர், அங்கிருந்து ஆறு பேர். ஒருவருக்கு எதிராக ஒருவர் என ஆறு ஆட்டங்கள். வென்ற நாடு கோப்பையைத் தன் தலைநகருக்குக் கொண்டுபோகும். சமமாக முடிந்தால் கோப்பை இருந்த இடத்திலேயே இருக்கும். செங்கால் நாட்டு மக்களில் பெரும்பாலோர் கோல்ஃப் மட்டையைக் கையால் தொட்டதில்லை. ஆனாலும் தோற்ற நாளில் அந்நாட்டின் பல வீடுகளில் அடுப்பு எரியாது.

தொடர்ந்து நான்காவது முறை தோற்றபோது, நாட்டின் தலைவர் திருமேனிநாதர் விசாரணைக் கூட்டம் ஒன்றைக் கூட்டினார். பயிற்சியாளர் அருமைநாயகம் எழுந்து, பயிற்சி போதவில்லை, மட்டைகள் பழையவை, மழைக்காலத்தில் ஆட இடமில்லை என்று சொன்னார். அவரை உட்காரச் சொன்னார்கள். அடுத்து எழுந்தவர் வச்சிரவேல். அதுவரை அஞ்சல் முத்திரைகளை மேற்பார்வையிட்டுக்கொண்டிருந்த அதிகாரி அவர்.

“தலைவர் அவர்களே, நம்மவர்கள் பந்தை அடிக்கும்போது பந்தைப் பற்றி நினைக்கிறார்கள். வடகரைக்காரர்கள் தங்கள் நாட்டைப் பற்றி நினைக்கிறார்கள். வேறு காரணம் எதுவும் இல்லை” என்றார் அவர்.

அன்று மாலையே பெருமிதத் துறை என்று புதிதாக ஒரு துறை பிறந்தது. வச்சிரவேல் அதன் ஆணையர் ஆனார்.

துறையின் முதல் ஆணை கண்ணீரைப் பற்றியது. நாட்டுப்பண் ஒலிக்கும்போது ஆட்டக்காரர்களின் கண்களை அலுவலர் இருவர் அருகில் நின்று பரிசோதிப்பார்கள். கண்ணீர் வழிந்தவருக்கே அணியில் இடம். நாட்டுக்காக ஆடுபவருக்கு ஊதியம் கொடுப்பது அவரை இழிவுபடுத்துவதாகும் என்று ஆணையின் கடைசி வரியில் இருந்தது.

அந்த ஆணையால் அணியிலிருந்து விலக்கப்பட்டவள் குழல்வாய்மொழி. மைதானத்தில் புல்வெட்டும் வேலைக்கு வந்தவள். யாரோ எறிந்துவிட்டுப் போன மட்டையை எடுத்து அடித்துப் பார்த்து, பதினைந்து ஆண்டுகளில் நாட்டின் முதல் ஆட்டக்காரியாக உயர்ந்தவள். அவளுக்கு எளிதில் அழுகை வராது. நாட்டுப்பண் முடியும்வரை நேராக நிற்பாள், முடிந்ததும் மட்டையை எடுப்பாள். அலுவலர்கள் அவள் பெயருக்கு நேரே ‘வறண்ட கண்’ என்று எழுதினார்கள்.

இரண்டாவது ஆணை புல்லைப் பற்றியது. இம்முறை போட்டி செங்கால் நாட்டில் நடக்கவிருந்தது. நம் புல் வடகரைப் புல்லைவிடப் பசுமையாக இருந்தால்தான் ஆட்டக்காரர்களின் நெஞ்சு நிமிரும் என்று ஆணையர் கண்டறிந்தார். மேலணையிலிருந்து ஆவரங்காடு என்ற ஊருக்குப் போய்க்கொண்டிருந்த வாய்க்காலின் மதகு பூட்டப்பட்டது. தண்ணீர் மைதானத்துக்குத் திரும்பியது. தாகம் எடுக்கும்போது ஆவரங்காட்டு மக்கள் மைதானத்துக்கு வந்து புல்லைப் பார்த்துச் செல்லலாம் என்று ஆணையில் சலுகையும் இருந்தது.

ஆவரங்காடு குழல்வாய்மொழியின் சொந்த ஊர். மதகு பூட்டிய நாற்பதாம் நாள் அவளுடைய அண்ணன் பலவேசம் அவளைத் தேடி வந்தார். வெற்றிலைக் கொடிக்கால் வைத்துப் பிழைப்பவர். கையில் கருகிய கொடி ஒன்றைச் சுருட்டி வைத்திருந்தார்.

“பூராவும் போச்சு, மொழி. ஒரு கொடி மிஞ்சல. கெணத்துல மண்ணுதான் வருது. ரெண்டு மைல் போயி ஒரு கொடம் தண்ணி தூக்கிட்டு வாரா ஒங்க மதினி.”

“யார்ட்டயும் சொல்லலியாண்ணே?”

“சொன்னோம். புல்லப் போயிப் பாருங்கன்னாவ. பாத்தோம். நல்லாத்தான் இருக்கு.” அவர் கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் அவளை என்னவோ செய்தது.

மறுநாள் காலை அவள் ஆணையரைப் பார்க்கப் போனாள். மதகைத் திறக்கச் சொல்லிக் கேட்கும்போது, வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் அதிகாரியின் முன்னால் அவளுடைய கண்கள் நிரம்பிவிட்டன. ஆணையர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, அந்தக் கண்களை உற்றுப் பார்த்தார்.

“கண்ணீர்” என்றார் மெதுவாக. “நீங்கள் தேறிவிட்டீர்கள், அம்மா. கடைசி ஆட்டம் உங்களுக்கு.”

“அய்யா, நான் தண்ணி கேட்டு வந்தேன்.”

“அதையும் சேர்த்தே சொல்கிறேன். நீங்கள் வென்றால் மதகு திறக்கும். தோற்றால் உங்கள் ஊர் ஒருமுறைக்கு இருமுறை நம் புல்லை வந்து பார்க்கட்டும். ஊக்கம் என்பது இப்படித்தான் அளிக்கப்பட வேண்டும்.”

போட்டி நாளில் வீட்டுக்கு ஒருவர் மைதானத்துக்கு வந்து நிற்க வேண்டும் என்பது மூன்றாவது ஆணை. எதிரணியின் நல்ல அடிக்குக் கைதட்டினால் தண்டனை என்பது அதன் உட்பிரிவு. அறுவடைக்கு நின்ற வயல்களை விட்டுவிட்டு மக்கள் வந்து கயிற்றுக்கு வெளியே நின்றார்கள். கூட்டத்தில் பலவேசமும் நின்றார்.

முதல் ஐந்து ஆட்டங்களில் இரண்டு இவர்களுக்கு, இரண்டு அவர்களுக்கு, ஒன்று சமம். எல்லாம் கடைசி ஆட்டத்துக்கு வந்து நின்றது. குழல்வாய்மொழிக்கு எதிராக ஆடியவள் வடகரையின் நீலாயதாட்சி. இருவரும் கடைசிக் குழிவரை சமமாகவே வந்தார்கள்.

அந்தக் குழிக்குப் பத்தடி தள்ளி, அடர்ந்த புல்லுக்குள் குழல்வாய்மொழியின் பந்து புதைந்து கிடந்தது. ஆவரங்காட்டுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த புல் அது. மற்ற ஆண்டுகளில் அந்த இடத்தில் அவ்வளவு தழைப்பு இருந்ததில்லை. அவள் மட்டையைப் பந்துக்குப் பின்னால் வைத்தாள். புல் அமுங்கியது. பந்து ஒரு விரல் அகலம் உருண்டு, மேலே எழும்பி, அடிக்க வாகாக உட்கார்ந்துகொண்டது.

மட்டை பட்டுப் பந்து அசைந்தால், யாரும் பார்க்காவிட்டாலும் ஆடுபவரே அதைச் சொல்ல வேண்டும். சொன்னால் அவர் கணக்கில் ஓர் அடி கூடும்; குறைந்த அடிகளில் முடிப்பவருக்கே வெற்றி. அந்த விளையாட்டில் அதைவிட மதிக்கப்படும் விதி இல்லை. பதினைந்து ஆண்டுகளில் குழல்வாய்மொழி மூன்று முறை அப்படிச் சொல்லியிருக்கிறாள்; ஒருமுறை அதனாலேயே தோற்றிருக்கிறாள்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். நடுவர் கூட்டத்தை அமைதிப்படுத்திக்கொண்டிருந்தார். தன் பந்தை ஏற்கெனவே குழியில் இறக்கிவிட்ட நீலாயதாட்சி மட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கயிற்றுக்கு அப்பால், முன்வரிசையில், அண்ணன் கைகூப்பி நின்றார்.

அவள் சொல்லவில்லை. குனிந்து அடித்தாள். பந்து புல்லை விட்டெழுந்து, தரையில் விழுந்து, உருண்டு குழிக்குள் இறங்கியது. செங்கால் நாடு ஓர் அடி வித்தியாசத்தில் வென்றது. அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

மதகு திறந்தது. பதினோரு நாட்கள் ஆவரங்காட்டு வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. பன்னிரண்டாம் நாள் பெருமிதத் துறையின் ஆய்வறிக்கை வெளியானது. பண் பாடும்போது அழுத ஐந்து பேரில் இருவரே வென்றார்கள். ஊர் வறண்டு கிடந்தவள் ஒருத்தி, அவள் வென்றாள். எனவே வெற்றிக்குக் காரணம் தாகமே என்று அறிக்கை முடிவு செய்தது. அடுத்த போட்டிவரை ஆறு ஆட்டக்காரர்களின் ஊர்களிலும் மதகுகள் பூட்டப்பட வேண்டும். ஏற்கெனவே பயனளித்த ஊர் என்பதால் ஆவரங்காட்டில் முதலில் பூட்ட வேண்டும்.

பூட்டினார்கள்.

அன்று குழல்வாய்மொழி தலைநகர்ச் சதுக்கத்துக்கு நடந்து போனாள். பேழைக்குள் கோப்பை வைக்கப்பட்டிருந்த மேடையில் ஏறி, கூடியிருந்தவர்களிடம் சொன்னாள்:

“பந்து அசைஞ்சுது. என் மட்டை பட்டுத்தான் அசைஞ்சுது. நான் மறைச்சுட்டேன். முறைப்படி ஆட்டம் சமம். நாம செயிக்கல. தாகத்தால செயிச்சோம்னு சொல்லுறது பொய். கோப்பைய அக்கரைக்குத் திருப்பிக் குடுத்துருங்க, மதகத் திறந்து விடுங்க.”

அவளைக் கைது செய்வார்கள் என்று எதிர்பார்த்தாள். செய்யவில்லை. வச்சிரவேல் தாமே வந்து அவளைக் கைத்தாங்கலாக இறக்கினார். அளவுகடந்த பெருமிதம் சிலருக்கு இத்தகைய தன்னடக்கத்தை உண்டாக்கும் என்று மறுநாள் துறை அறிவித்தது. அவள் ஊரிலேயே ஓய்வெடுக்க வேண்டும் என்றும் கட்டளையிட்டது.

ஆனால் பேச்சு அடங்கவில்லை. சந்தையிலும் படகுத்துறையிலும் மக்கள் தாழ்ந்த குரலில் பந்தைப் பற்றிப் பேசினார்கள். ஆகவே தலைவர் திருமேனிநாதர் பொது வாக்கெடுப்புக்கு ஆணையிட்டார். “உண்மை எது என்பதை மக்களே முடிவு செய்யட்டும். நான் அதற்குக் கட்டுப்படுவேன்” என்றார். வாக்குச்சீட்டில் ஒரே கேள்வி இருந்தது: பந்து அசைந்ததா?

வாக்கெடுப்பு நேர்மையாகவே நடந்தது. யாரும் யாரையும் மிரட்டவில்லை. பெட்டிகள் மாற்றப்படவில்லை. நாடு முழுவதிலும் பத்தில் ஒன்பது பேர் ‘அசையவில்லை’ என்று வாக்களித்தார்கள். ஆவரங்காட்டில் ‘அசைந்தது’ என்று விழுந்தது ஒரே ஒரு வாக்கு.

அன்று மாலை பலவேசம் தங்கையின் வீட்டுக்கு வந்தார். விரலில் மை காயவில்லை. அவள் நேராகவே கேட்டாள்.

“ஒங்களுக்குத் தெரியும்லா அண்ணே? நான் பொய் சொல்ல மாட்டேன்னு தெரியும்லா?”

“தெரியும்.”

“பெறவு ஏன் அப்படிப் போட்டீய?”

அவர் திண்ணையில் உட்கார்ந்தார்.

“கொடிக்கால் போச்சு. கெணறு போச்சு. ஒங்க மதினி இடுப்பு ஒடிஞ்சு கெடக்கா. இம்புட்டும் எதுக்குன்னு யாராவது கேட்டா, நாம செயிச்சோம்லா, அதுக்குன்னு சொல்லுதேன். அதுவும் இல்லன்னு ஆயிட்டா, நான் என்னத்தச் சொல்லுவேன் மொழி?”

அவர் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

மறுநாள் காலையில் கோப்பை ஆவரங்காட்டுக்கு வந்தது. வென்றவளின் ஊர் என்பதால் ஊர்வலத்துக்கு முதல் இடமாக அதைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். மேளச் சத்தம் கேட்டுக் குழல்வாய்மொழி கதவைத் திறந்தாள். வண்டி வரும்போது புழுதி கிளம்பிக் கோப்பையின் மேல் படிந்துவிடக் கூடாது என்று, ஒவ்வொரு வீட்டாரும் குடிக்க வைத்திருந்த தண்ணீரிலிருந்து ஒரு குடம் எடுத்துத் தெருவில் தெளித்திருந்தார்கள். தெரு முழுவதும் ஈரமாக இருந்தது.