கூரைப் பணமும் ஆந்தைக் காசும்

அரவேணு,
செப்டம்பர் 7

ஸ்ரீமதுரையில் இருக்கும் மச்சான் வேலன் அவர்களுக்கு அரவேணு தங்கவேலு வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும், தங்கள் தங்கை சுகுணாவும், மாடு இரண்டும் நலம். கூரை மட்டும் நலமில்லை. அங்கே தாங்களும் வாழையும் இஞ்சியும் யானை கண்ணில் படாமல் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

தங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. இஞ்சி விற்ற பணம் ஒரு லட்சத்து எண்பதாயிரத்தைக் கிரிப்டோவில் போடலாமா என்றும், எனக்கு அதில் அனுபவம் இருப்பதாகக் கேள்விப்பட்டீர்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அனுபவம் இருக்கிறது. அதற்கு நான் கொடுத்த விலை ஒரு லட்சத்து நாற்பத்தோராயிரத்து அறுநூறு ரூபாய். தங்களுக்கு இலவசமாகவே தருகிறேன். பதிலுக்கு ஒரே ஓர் உதவி வேண்டும், அதைக் கடைசியில் சொல்கிறேன். போனில் பேசியிருக்கலாம். ஆனால் எங்களுக்குச் சிக்னல் கிடைப்பது பஸ் நிற்கும் வளைவில்தான். அங்கே பேசினால் அரவேணு முழுவதற்கும் பேசியதாக ஆகும்.

விஷயம் இதுதான். கூரைத் தகரம் மாற்ற இரண்டு வருடமாகச் சேர்த்த பணம் இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் என் பேரில் பேங்கில் இருந்தது. சென்ற கார்த்திகையில் ரீசார்ஜ் கடை சுரேஷ், போனில் ஆந்தைப் படம் போட்ட ஒரு கிரிப்டோ காசைக் காட்டி, "பணத்தைப் பேங்குல தூங்க வெச்சிருக்கீங்களேங்கண்ணா" என்றார். சும்மா இருந்த பணம் தூங்குவதாக ஒருவர் சொன்னதும் எனக்கு அது குறட்டை விடுவதுபோல் கேட்க ஆரம்பித்துவிட்டது. ஐம்பதாயிரம் போட்டேன். தை மாதம் அது எண்பத்தோராயிரமாக நின்றது. தினமும் காலை பத்து மணிக்கு வளைவுக்குப் போய் விலை பார்ப்பேன். நான் நிற்பதைப் பார்த்து கோத்தகிரி பஸ் தினமும் நிற்கும், நான் வரவில்லை என்று கை காட்டுவேன், பஸ் போகும். பதினேழு நாள் இப்படி நடந்தபின் கண்டக்டர் படியில் இறங்கி வந்து, "ஏனுங்க, தெனமும் வண்டிய நிறுத்தறீங்க, ஏறவே மாட்டேங்கறீங்க. எங்க வண்டி மேல என்ன கோவமுங்க?" என்று கேட்டார். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். மரியாதைக்காக ஏறிவிட்டேன், மச்சான். அன்று விற்றுவிடுவது என்று முடிவு செய்துதான் வீட்டை விட்டுக் கிளம்பியிருந்தேன். வழியெல்லாம் மஞ்சு மூட்டம், சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. கோத்தகிரியில் இறங்கிப் பார்க்கையில் ஆந்தை நாற்பத்து நாலாயிரத்தில் உட்கார்ந்திருந்தது. டிக்கெட் தனி.

அதோடு விட்டிருந்தால் இந்தக் கடிதம் ஒரு பக்கத்தில் முடிந்திருக்கும். ஆனால் நான் ஃபேக்டரியில் முப்பத்தொரு வருடம் இலை எடை போட்டவன், தேயிலை தெரிந்தவன். அந்த அறிவுதான் என்னைக் கவிழ்த்தது. கவாத்து வெட்டிய தோட்டத்தைப் பார்த்திருக்கிறீர்கள். இலை ஒன்று இல்லாமல் குச்சி குச்சியாக நிற்கும், புதிதாகப் பார்ப்பவன் செத்துப்போச்சு என்பான். தெரிந்தவன் உரம் போட்டுவிட்டு மூன்று மாதம் காத்திருப்பான், செடி பச்சைப் பசேலென்று எழும்பும். ஆந்தை விழுந்ததும் எனக்கு அந்தக் குச்சிகள்தான் தெரிந்தன. இது கவாத்து, உரம் போட வேண்டிய நேரம் என்று மாசியில் அறுபதாயிரம் போட்டேன். சுரேஷும், "அப்படித்தானுங்கண்ணா, வாங்குன வெலையோட சராசரி எறங்கிருமுங்க" என்றார். சராசரி இறங்கியது, அதைவிட வேகமாக விலை இறங்கியது. சித்திரையில் மிச்சமிருந்த ஒரு லட்சத்தையும் உரமாகப் போட்டுவிட்டு மூன்று மாதம் காத்திருந்தேன். செடிக்கு வேர் இருக்கிறது, அதனால் துளிர்க்கிறது. ஆந்தைக்கு வேர் எங்கே இருக்கிறது என்று இதுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் போடுவதற்கு முன் கேட்கவில்லை. இன்றைய மதிப்பு அறுபத்தெட்டாயிரத்து நானூறு.

நடுவில் கைச்செலவுப் பணத்தை வேறொரு காசில் போட்டதில் ஆறாயிரத்து இருநூறு லாபம் வந்தது. அதற்கு நூற்றுக்கு முப்பது வரி. ஆந்தையில் போனதை இதில் கழித்துக்கொள்ளலாமே என்றேன். "முடியாதுங்கண்ணா, நஷ்டம் உங்களோடது. லாபத்துலதான் கவருமெண்டுக்குப் பங்கு இருக்குதுங்க" என்றார் சுரேஷ். விற்கும்போது நூற்றுக்கு ஒன்று பிடித்துக்கொண்டார்கள். அதைப் பற்றி மட்டும் எனக்கு வருத்தமில்லை. ஈர இலைக்கு எடையில் கழித்தபோது என்னை எத்தனை பேர் திட்டியிருப்பார்கள்.

ஆகவே தாங்கள் இஞ்சிப் பணத்தைத் தொட வேண்டாம். அது தூங்கட்டும், நன்றாகப் போர்த்தி விடுங்கள்.

இப்போது அந்த உதவி. ஐப்பசி மழைக்கு முன் தகரம் மாற்ற அருள்ராஜ் மேஸ்திரி வரும் திங்கள்கிழமை அளவெடுக்க வருகிறார். பணம் பேங்கில் இருப்பதாகவே சுகுணா நினைத்துக்கொண்டிருக்கிறாள். தாங்கள் ஞாயிற்றுக்கிழமை இங்கு வந்து, ஒரு லட்சத்து நாற்பதாயிரத்தை என்னிடம் கைமாற்றாக வாங்கியிருப்பதாக அவளிடம் சொல்ல வேண்டும். அண்ணன் வாங்கினார் என்றால் அவள் வாய் திறக்கமாட்டாள். நாலு வருடத்துக்கு முன் தாங்கள் எடுத்துப்போன மிக்ஸியை இன்றுவரை கேட்கவில்லை. என் மானம் தங்கள் கையில். கடிதத்தைப் படித்ததும் அடுப்பில் போடவும்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும். தங்கள் மகள் வர்ஷா நன்றாகப் படித்து மேலே வர எங்கள் ஆசிகள்.

தங்கள் அன்புள்ள,
தங்கவேலு

பி.கு.: மேலே கேட்ட பொய்யைத் தாங்கள் சொல்ல வேண்டியதில்லை. கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டு உறை வாங்கப் போனேன், திரும்பி வருவதற்குள் சுகுணா படித்துவிட்டாள். "எங்கண்ணன் பொய் சொன்னா காது செவந்துரும். அவர எதுக்குங்க இழுக்கறீங்க?" என்றாள். தை மாதமே தெரியுமாம். வேலையில்லாத ஆள் தினமும் பத்து மணிக்குச் சட்டையை மாற்றிக்கொண்டு வளைவுக்குப் போனால் தெரியாதா என்கிறாள். சுரேஷ் கடைக்குப் போய் விசாரித்து, அப்படியே தன் பேரிலும் மகளிர் குழுவில் கடன் வாங்கிய பணம் பத்தாயிரத்தை அந்த ஆந்தையிலேயே போட்டிருக்கிறாள். நாலு நாளில் பன்னிரண்டானதும் எடுத்துவிட்டாள். இப்படி ஏழு ரவுண்டு, இரண்டில் நஷ்டம். கையில் நின்றது வரி போக ஒன்பதாயிரம். குழுப் பணத்தைத் திருப்பிக் கட்டிவிட்டு ஆனியோடு நிறுத்திவிட்டாளாம். "அவ்வளவு சீக்கிரம் எடுக்க உனக்கு யார் சொன்னது?" என்று கேட்டேன். "கொழுந்து வந்தா பறிக்கோணுமுங்க. முத்த உட்டா ஃபேக்டரியில எடுப்பாங்களா? முப்பத்தொரு வருசமா நீங்கதானே திருப்பி அனுப்புனீங்க" என்றாள்.

ஆந்தையை இன்று மாலையே அவள் கண் முன்னால் விற்றாயிற்று. அந்தப் பணத்தோடு அவள் ஒன்பதாயிரத்தையும் சேர்த்தால் பாதிக் கூரைக்குத்தான் வருமாம். சமையலறைக்கும் அவள் படுக்கும் அறைக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் இந்த வருடம் தகரம். என் கட்டில் கிடக்கும் முன்பக்கம் அடுத்த வருடம். இஞ்சிப் பணத்துக்கு இனி ஆலோசனை அவளிடமே கேட்கவும். ஞாயிற்றுக்கிழமை வரும்போது அந்த மிக்ஸியையும், கூடலூரில் நல்ல தார்ப்பாய் ஒன்றையும் கொண்டுவரவும். பத்துக்குப் பன்னிரண்டு அடி இருந்தால் என் கட்டிலுக்குப் போதும்.