சாவிமரம் பீரோ திறந்த கதை

அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். நான் செஞ்ச சாவிமரத்த லோடு ஆட்டோவுல ஏத்தி, வடகரையில இருந்து தென்காசிக்குக் கொண்டுபோயி கண்காட்சியில இறக்கணும்.

சாவிமரம்னா என்னன்னு சொல்லிருதேன். வேண்டாத சாமான்கள ஒண்ணாச் சேர்த்துச் சிற்பம் பண்ணுறது என் தொழில். எங்க தெருவுல இதுக்கு, 'செல்வி பழைய இரும்புக்கடை வச்சிருக்கா'ன்னு பேரு.

குற்றாலத்துல வெள்ளம் வடிஞ்சப்புறம் ஆத்தோரமா ஒரு பெரிய கிளை ஒதுங்கிக் கிடந்தது. என்னைவிட உயரம். பட்டையெல்லாம் உரிஞ்சு வழுவழுன்னு இருந்தது. பாத்ததுமே இதுல ஊரே காய்க்கணும்னு தோணுச்சு.

வீடு வீடாப் போயி, "பூட்டு இல்லாத சாவி இருந்தா குடுங்க"ன்னு கேட்டேன். அள்ளிக் குடுத்தாங்க. ஒவ்வொண்ணுக்கும் கிளையில துளை போட்டு, சாவிப்பல்லு வெளிய நீட்டுற மாதிரி பசை ஊத்திப் பதிச்சேன்.

ஆட்டோக்கார அண்ணாச்சி மரத்துக்குக் கயறு கட்டும்போது எதிர்வீட்டு பாத்திமாக்கா ஓடி வந்தாங்க.

"ஏட்டி செல்வி, சிவப்பு நூல் கட்டுன சாவி ஒண்ணு குடுத்தம்லா, அத எடு."

"எதுக்குக்கா?"

"அது எங்க பீரோவோட மாத்துச்சாவிட்டி. தெரியாம குடுத்துட்டேன். எப்பவும் திறக்குத சாவிய மக பையில போட்டுக்கிட்டு நாகர்கோவில் ஹாஸ்டலுக்குப் போயிட்டா. அவிய பாஸ்போர்ட்டு உள்ள இருக்கு."

அவியன்னா அவங்க வீட்டுக்காரர் காதர் அண்ணன். லீவு முடிஞ்சு அன்னைக்குத்தான் துபாய்க்குக் கிளம்புதாரு. திருவனந்தபுரம் போற டாக்ஸி வாசல்ல நிக்குது.

சிவப்பு நூல் சாவி உச்சிக்கிளை நுனியில நீட்டிக்கிட்டு இருந்தது. அண்ணாச்சி குறட்டால இழுத்துப் பாத்தாரு. அசையல.

"பசை நல்ல பசைம்மா" ன்னாரு.

அந்த நேரத்துலயும் எனக்குக் கொஞ்சம் பெருமையாத்தான் இருந்தது.

"இன்னும் இழுத்தா சாவி ஒடிஞ்சிரும். நுனிய அறுத்துருவோமா?"

அப்போதான் எனக்குள்ள இருந்த கலைஞர் முழிச்சாங்க. "மொத்த மரத்தோட ஓட்டமும் அந்த நுனியிலதான் இருக்கு அண்ணாச்சி. அதுல கை வைக்கக் கூடாது."

காதர் அண்ணன் கடிகாரத்தப் பாத்தாரு. "பின்ன என்னதான் செய்ய?"

"மரத்தோட கொண்டுபோயி பீரோவத் திறப்போம்."

சொன்னது நான்தான். யாரும் வற்புறுத்தல.

நானும் அண்ணாச்சியும் காதர் அண்ணனும் மரத்தப் படுக்கப் போட்டுத் தூக்கினோம். வாசல் திரை ஒரு கிளையில மாட்டிக்கிட்டு எங்ககூடவே வந்துட்டு. பாத்திமாக்கா முன்னால நடந்து, "இடது, இடது, அது வலது"ன்னு வழி சொன்னாங்க.

சாவி துவாரத்துக்குள்ள போயிட்டு. இனி திருப்பணும். ஊர்ல எல்லாரும் சாவியத் திருப்புவாங்க. நாங்க மரத்தையே திருப்பினோம். நேரா இருந்த மரமா அது? ஒரு கிளை கொசுவலையக் கிழிச்சுது. இன்னொண்ணு சுவர்க் கடிகாரத்தத் தட்டிவிட்டுது.

ஆனா பீரோ திறந்துட்டு. காதர் அண்ணன் பாஸ்போர்ட்ட எடுத்துச் சட்டைப்பையில வச்சாரு. கிளம்பத் திரும்பினா வழி இல்ல. திருப்புன வேகத்துல ரெண்டு கிளை ஜன்னல் கம்பிக்குள்ள போயி இறுகிட்டு. பீரோ கதவோட மரம், மரத்தோட ஜன்னல். அதுக்கு அந்தப்பக்கம் மூலையில மாட்டிக்கிட்டு அண்ணன்.

வெளிய டாக்ஸிக்காரன் ஹாரன் அடிக்கான்.

"செல்வி" ன்னாரு அண்ணன், ரொம்பப் பொறுமையா. "நான் வேலைக்குப் போகவா, இல்ல இங்கனயே காய்க்கவா?"

"அண்ணாச்சி, அறுங்க" ன்னேன்.

நுனி அறுபட்டுது. மரத்த ஆட்டி ஆட்டி ஜன்னல்ல இருந்து உருவினோம். அண்ணன் தலையில மரத்தூளோட டாக்ஸியில ஏறி, எப்படியோ விமானத்தப் பிடிச்சிட்டாரு. பீரோவுல ஒரு சாண் கிளை தொங்குது. பிடிச்சுத் திறக்க வசதியா இருக்குன்னு பாத்திமாக்கா அத எடுக்க விடல.

மொட்டையான மரத்த கண்காட்சியில ஒரு மூலையில நிறுத்தி, வெட்டுன பக்கத்த சுவத்தப் பாக்கத் திருப்பி வச்சேன். பார்வையாளர் ஒருத்தரு சுத்திப் போயி ரொம்ப நேரம் அதையே பாத்தாரு. கண்ணாடியக் கழட்டித் துடைச்சாரு.

"இந்த வெட்டுதாம்மா உயிரே. பிழைக்க வெளிநாடு போனவன் குடும்பத்துல விட்டுட்டுப் போற வெறுமை. அப்படித்தான?"

"ஆமா சார், வெளிநாடு போன ஒருத்தருக்காகத்தான் வெட்டுனேன்" னேன்.