கம்பியில்லாத் தந்திக்குக் கம்பி இழுத்த கதை

மனித குலத்தின் செய்தி முதன்முதலாகக் காற்றில் ஏறிய அந்த மகத்தான காலையில், தந்தி இலாகா டைரக்டரின் மீசை இடப்பக்கம் பொசுங்கியது. பொசுக்கியவர் அதே இலாகாவின் குமாஸ்தா. கம்பியில்லாத் தந்தியைக் கண்டுபிடித்தவர்.

"பொறி கொஞ்சம் உற்சாகமாயிடுச்சு சார்" என்று ஃபைலால் விசிறினார்.

டைரக்டர் பெருந்தன்மையானவர். மீசையை மன்னித்தார். கண்டுபிடிப்பை விசாரிக்கக் கமிட்டி போட்டார்.

குமாஸ்தாவுக்கோ அவசரம். மச்சானுக்குச் சரக்குக் கப்பலில் வேலை. போன மழைக்காலத்தில் அது மணல்திட்டில் சிக்கி, இரண்டு நாள் தொண்டை கிழியக் கத்தியும் கரைக்குக் கேட்கவில்லை. வியாழக்கிழமை மறுபடி புறப்படுகிறது. அதற்குள் அனுமதி கிடைத்தால் கருவியைக் கப்பலில் பூட்டிவிடலாம்.

சோதனை நடந்தது. அலுவலகத்தில் குமாஸ்தா கருவியில் மின்பொறி பறக்கவிட, நான்கு தெரு தள்ளி அவர் வீட்டில் மணி அடித்தது. அங்கே செய்தியைப் பிடிப்பது இரும்புத்தூள் அடைத்த கண்ணாடிக் குழாய். ஒவ்வொரு முறையும் தூள் கட்டிக்கொள்ளும். தட்டிவிட்டால்தான் அடுத்தது கேட்கும். தட்டியவர் மனைவி. உலகின் முதல் 'கம்பியில்லா நிலைய அதிகாரி' கையில் இருந்தது கரண்டி.

"செய்தி போய்ச் சேர்ந்ததுக்கு ஆதாரம்?" என்றார் டைரக்டர்.

"என் மனைவி எழுதி வச்சிருப்பா சார்."

"அது அவங்க சொல்றது. விதி பதினாலுப்படி, கிடைச்சதுன்னு கம்பித் தந்தியில பதில் வரணும்."

"எங்க வீட்டுக்குக் கம்பியே இல்லையே சார்!"

"இழுத்துடுவோம்."

இலாகாவைச் சோம்பேறி என்பவர் வாய் அழுகட்டும்! கம்பி தேவையில்லை என்று நிரூபிக்க, புதன் மாலைக்குள் பதினேழு கம்பம் நட்டுக் கம்பி இழுத்தார்கள். பதிலும் வந்தது. கமிட்டி கூடித் தீர்மானம் எழுதியது: 'மேற்படி குமாஸ்தா வீட்டுக்கு ஏற்கெனவே கம்பி இருப்பதால், கம்பியில்லாத் தந்திக்கு அவசியம் எழவில்லை.'

மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏங்க, விடிஞ்சா தம்பி கிளம்புறான். கருவி அவன்கூடப் போகுமா, போகாதா? நேரா கேட்டுட்டு வாங்க. 'தாழ்மையுடன்'னு ஆரம்பிச்சு அங்கேயே நின்னுடாதீங்க."

வியாழன் காலை குமாஸ்தா தாழ்மையுடன்தான் ஆரம்பித்தார், வாய்ப்பழக்கம். துறைமுகத்தில் கப்பல் ஊதியது. அவருக்கு எங்கிருந்தோ தைரியம் வந்தது.

"சார், கருவி வேலை செய்யுதா, இல்லையா?"

"பிரமாதமா செய்யுது."

"அப்புறம் ஏன் சார் வேணாங்கறீங்க?"

டைரக்டர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். இருபது வருட உத்தியோகத்தில் முதல் தடவையாக ஒரு கேள்விக்கு நேராகப் பதில் சொன்னார்.

"உங்க மச்சான் கப்பல்ல இருக்காரு. என் மச்சான் கம்பி ஃபாக்டரி வச்சிருக்காரு."