நாற்பத்து மூன்று வயது ஓய்வூதியர்

ஓய்வு பெற்ற ஒருவர் ஆண்டுக்கு ஒருமுறை ஓய்வூதிய அலுவலகத்துக்கு நேரில் வந்து, தாம் உயிரோடு இருப்பதைக் காட்டிவிட்டுப் போக வேண்டும் என்பது விதி. நியாயமான விதிதான். உயிரோடு இல்லாதவர்கள் யாரும் இதுவரை அதை எதிர்த்து மனுக் கொடுத்ததில்லை.

என் அக்காவின் கணவர், அதாவது என் அத்தான், இந்த விதிப்படி இந்த ஆண்டு போனபோதுதான் வம்பு வந்தது. அவர் உயிரோடு இருக்கிறார் என்பதில் அலுவலகத்துக்குச் சந்தேகம் இல்லை. தேவைக்கு மேல் இருக்கிறார் என்பதுதான் அவர்கள் குறை.

காரணம் தெரிய வேண்டுமானால் அக்காவின் சமையலறைக்கு வர வேண்டும். அத்தான் எடை அளவை அலுவலகத்தில் கடைக்காரர்களின் தராசுகளைச் சோதித்தவர். ஓய்வு பெற்ற பிறகு சோதிக்கத் தராசு இல்லாமல் போகவே, தம் உடம்பையே சோதிக்க ஆரம்பித்தார். எலும்புக்கு ஒரு மாத்திரை. அந்த மாத்திரை வயிற்றைக் கட்டிவிடாமல் இருக்க ஒரு நார்ப்பொடி. ஞாபக சக்திக்கு ஒரு எண்ணெய் மாத்திரை. அதைச் சாப்பிட வேண்டும் என்று ஞாபகப்படுத்த அக்கா. அரிசியும் சர்க்கரையும் அலமாரியைக் காலி செய்துவிட்டு மாடிப்படிக்கு அடியில் குடிபோயின. சாப்பாடு என்பது ‘உணவுக்கு முன்’ என்று எழுதியிருப்பதற்கும் ‘உணவுக்குப் பின்’ என்று எழுதியிருப்பதற்கும் நடுவில் வரும் ஒரு இடைஞ்சலாகிவிட்டது.

எல்லாவற்றுக்கும் தலைமையாக ஒரு பச்சை டப்பா. இளமைப் பொடி. டப்பாவின் மேல் ஒருவன் மலை உச்சியில் கைகளை விரித்துக்கொண்டு நிற்கிறான். அத்தான் காலையில் பொடியை வெந்நீரில் கலக்கிக் குடித்துவிட்டு, கண்ணாடி முன்னால் போய் அதேபோல் நிற்பார். அந்தக் கைகள் இறங்கும்வரை அக்கா தலைவாரக் காத்திருக்க வேண்டும்.

இந்த ஆண்டு ஓய்வூதிய அலுவலகத்தில் ஒரு புது இயந்திரம் வந்திருந்தது. செத்துப்போன அப்பாவுக்குப் பதிலாக மகன் வந்து உட்கார்ந்து பணம் வாங்கிப் போவதைத் தடுக்க, முகத்தைப் பார்த்து வயது சொல்லும் இயந்திரம். அறுபத்தேழு வயது அத்தான் அதன் முன்னால் போய் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

“நாப்பத்து மூணுன்னு காட்டுது சார்” என்றார் கவுண்டரில் இருந்த பெண்.

கண்காணிப்பாளர் எழுந்து வந்தார். ஐம்பத்து நான்கு வயது, தலையில் பாதி நரை, நடையில் முழுக் களைப்பு. அத்தானை மேலும் கீழும் பார்த்தார்.

“அப்பா வரலையா தம்பி?”

“அப்பா போய் முப்பது வருஷமாச்சே.”

“முப்பது வருஷமா நீங்களே வாங்கிட்டிருக்கீங்களா?”

கைரேகை பார்த்தார்கள், கையெழுத்துப் பார்த்தார்கள், அடையாள அட்டை பார்த்தார்கள். அத்தான் அத்தான்தான் என்று முடிவாயிற்று. “ஆள் சரி. வயசுதான் சரியில்லை” என்றார் கண்காணிப்பாளர். “ஏதாவது சாப்பிடுறீங்களா?”

அத்தான் பச்சை டப்பாவைப் பற்றி ஒரு சொற்பொழிவே ஆற்றினார். கண்காணிப்பாளர் அதைப் பொறுமையாகக் கேட்டு, ‘மேற்படி நபர் பொடியின் காரணமாக அறுபது வயதை இன்னும் எட்டாத நிலையில் இருப்பதால், எட்டும்வரை ஓய்வூதியம் நிறுத்திவைக்கப்படுகிறது’ என்று உத்தரவு போட்டுக் கையில் கொடுத்தார்.

வேறு யாராக இருந்தாலும் கத்தியிருப்பார்கள். அத்தான் வாயெல்லாம் பல்லாக நின்றார். “அந்த மிஷினை இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்க” என்று கேட்டார். வருகிற வழியில் தெருவுக்கே இனிப்பு வாங்கினார்.

“பென்ஷன் நின்னதுக்கா இனிப்பு?” என்றாள் அக்கா.

“பென்ஷன் மாசாமாசம் வரும் போகும். நாப்பத்து மூணுன்னு அரசாங்கமே சீல் குத்தித் தந்திருக்கு. யாருக்குக் கிடைக்கும்?”

“நம்ம பொண்ணுக்கு முப்பத்தெட்டு வயசு. அப்போ அவ பிறக்கும்போது உங்களுக்கு அஞ்சு வயசா?”

அத்தான் கொஞ்சம் யோசித்தார். “பொடி அந்த அளவுக்கு வேலை செஞ்சிருக்குன்னு அர்த்தம்.”

முறையீடு செய்யச் சொன்னோம். மறுத்துவிட்டார். ‘நான் கிழவன்’ என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. எனக்கு வந்த கோபத்தில் அந்த மலை உச்சிக்காரனைப் பிடித்துக் கீழே தள்ளலாம் போலிருந்தது. அந்த வீட்டின் வாடகையும் அக்காவின் கண் மருந்தும் அந்தப் பென்ஷனில்தான் ஓடின. இரண்டு மாதம் போயிற்று. வீட்டுக்காரர் படியேறி வர ஆரம்பித்தார். அக்கா கண் மருந்தை ஒரு கண்ணுக்கு மட்டும் விட்டுக்கொண்டாள். அதைப் பார்த்த அன்று அத்தானின் கையைப் பிடித்து அலுவலகத்துக்கு இழுத்துப் போனேன். அவர் துள்ளி நடந்துதான் வந்தார்.

கண்காணிப்பாளர் எங்களை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்.

“வாங்க தம்பி. நானே ஆள் அனுப்பலாம்னு இருந்தேன். உங்களுக்கு நாப்பத்து மூணுன்னா இன்னும் பதினேழு வருஷம் சர்வீஸ் பாக்கி இருக்கு. ஏழு வருஷமா லீவு சொல்லாம வேலைக்கு வராம இருந்திருக்கீங்க. அதுக்கு விளக்கம் எழுதிக் கொடுத்துட்டு, திங்கட்கிழமை காலையில டியூட்டில சேந்துடுங்க.”

அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. அந்த நேரத்தில் இயந்திரம் அவரைப் பார்த்திருந்தால் எண்பது என்று சொல்லியிருக்கும்.

“திரும்ப... வேலைக்கா?”

“பின்னே? இளமைன்னா சும்மாவா?”

“ஐயா! நான் கிழவன்!” என்று அலறினார் அத்தான். “முட்டி வலிக்குது ஐயா! மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது! மத்தியானம் தூங்கலைன்னா தலை சுத்துது!”

“மத்தியானம் தூங்குறது சர்வீஸ்ல இருக்கிறவங்களுக்கும் உண்டு. அது அத்தாட்சி ஆகாது” என்றார் கண்காணிப்பாளர். “ஒண்ணு பண்ணுங்க. அந்தப் பொடியால ஒரு பிரயோஜனமும் இல்லைன்னு கம்பெனிகிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க. பொடி வேலை செய்யலைன்னா நீங்க இளமை ஆகலை. இளமை ஆகலைன்னா கிழவர். கிழவர்னா பென்ஷன்.”

எந்தக் கம்பெனியாவது தன் சரக்கைப் பற்றி அப்படி எழுதித் தருமா என்று நான் வழியெல்லாம் புலம்பிக்கொண்டே போனேன். பொடிக் கம்பெனியின் மேலாளர் எங்களைக் குளிர்சாதன அறையில் உட்கார வைத்து, பென்ஷன் நிறுத்திய உத்தரவை வாங்கி இரண்டு தடவை படித்தார். அவர் கண் கலங்கிவிட்டது.

“ஐயா, பத்து வருஷமா விளம்பரம் பண்றோம். இப்படி ஒரு வரியை எங்களால எழுத முடியலை. ‘பொடியின் காரணமாக அறுபது வயதை எட்டாத நிலை’! இதை ஒரு காப்பி எடுத்துக்கலாமா?”

“எடுத்துக்குங்க. ஆனா பொடியால ஒண்ணும் ஆகாதுன்னு எங்களுக்கு எழுதித் தரணும்” என்றேன் தயங்கி.

“அவ்வளவுதானே?” மேலாளர் மேசை இழுப்பறையைத் திறந்தார். உள்ளே அச்சடித்த ஒரு கட்டு இருந்தது. மேல் தாளை உருவி, அத்தான் பெயரை மட்டும் எழுதிச் சேர்த்தார். ‘எமது பொடி இதுவரை எவருடைய உடலிலும் எவ்வித மாற்றத்தையும் ஏற்படுத்தியதில்லை என இதன்மூலம் உறுதியளிக்கிறோம்.’

“ரெடியாவே வெச்சிருக்கீங்களே!”

“கோர்ட்டுக்கு அடிக்கடி தேவைப்படும் சார். கேக்கிறவங்களுக்கு இது. கேக்காதவங்களுக்கு விளம்பரம்.”

அத்தான் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக என்னிடம் கேட்டார். “மாப்ளே, இது பென்ஷனுக்காகப் பொய் எழுதிக் கொடுத்ததுதானே?”

எனக்குப் பாவமாக இருந்தது. “ஆமா அத்தான்” என்றேன்.

கண்காணிப்பாளர் சான்றிதழை வாங்கிப் படித்தார். படித்ததும் அவர் நெற்றி சுருங்கியது. பொடி வேலை செய்யவில்லை என்றால் இயந்திரம் தப்பு. இயந்திரம் தப்பு என்றால் அதை வாங்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவர் தப்பு. கையெழுத்து அவருடையது.

“மிஷின் தப்பா சொல்லவே சொல்லாது. இப்போ பாருங்க” என்று தாமே போய் அதன் முன்னால் உட்கார்ந்தார்.

கவுண்டரில் இருந்த பெண் திரையைப் பார்த்தார். துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“அறுபத்தாறு சார்.”

கண்காணிப்பாளர் தாமும் எட்டித் திரையைப் பார்த்தார்.

“அறுபதுலதானே ரிட்டயர்மென்ட்...” என்று அந்தப் பெண் நல்லெண்ணத்தோடு கணக்குப் போட்டார். “அப்படின்னா சார் ஆறு வருஷம் எக்ஸ்ட்ராவா சம்பளம் வாங்கியிருக்கீங்க. திருப்பிக் கட்டணும்போல.”

“அப்பா வரலையான்னு கேட்டீங்களே” என்றார் அத்தான் பரிவோடு. “உங்க பையனை அனுப்பியிருக்கலாமே பெரியவரே?”

கண்காணிப்பாளர் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். கதவைச் சாத்தச் சொன்னார். நாற்காலியை அத்தான் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

“அண்ணே, அந்தப் பச்சை டப்பா எந்தக் கடையில கிடைக்கும்?”

அத்தானின் பென்ஷன் பாக்கியோடு அன்றே வந்துவிட்டது. அடுத்த வாரம் ஒரு சுற்றறிக்கையும் வந்தது. பணியில் உள்ள அனைவரும் பணியில் இருக்கத் தகுந்த முகத்தோடு இருக்கும்பொருட்டு நாள்தோறும் இளமைப் பொடி உட்கொள்ள வேண்டும் என்றும், ஓய்வூதியர் எவரும் அதைத் தொடக் கூடாது என்றும், இதனால் இயந்திரத்தின் நம்பகத்தன்மை பாதுகாக்கப்படும் என்றும் அதில் கண்டிருந்தது. கீழே கண்காணிப்பாளரின் கையெழுத்து துள்ளலாக இருந்தது.

கம்பெனியும் சும்மா இருக்கவில்லை. ஓய்வூதியர்களுக்கென்று ஒரு காவி நிற டப்பா வெளியிட்டது. முதுமைப் பொடி. நேரில் வர வேண்டிய மாதத்துக்கு முன்பிருந்து சாப்பிட்டால் இயந்திரம் தகராறு செய்யாதாம். மலை உச்சியில் இருந்தவன் இந்த டப்பாவில் அடிவாரத்தில் உட்கார்ந்திருக்கிறான். அத்தான் அதைக் குடித்துவிட்டுக் கண்ணாடி முன்னால் ஒரு முக்காலி போட்டு உட்காருகிறார். அக்கா இப்போது இரண்டு கண்ணுக்கும் மருந்து விட்டுக்கொள்கிறாள். தலைவாரக் கண்ணாடிக்கு மட்டும் இன்னும் காத்திருக்கிறாள்.

எனக்கு வருகிற ஆண்டு ஓய்வு. அதுவரை பச்சை, அதற்குப் பிறகு காவி. விலை ஏறுவதற்குள் இரண்டையும் வாங்கி அலமாரியில் வைத்துவிட்டேன். ஒரு சந்தேகத்தில் இரண்டையும் திறந்து தட்டில் கொட்டி முகர்ந்து பார்த்தேன். நாக்கிலும் வைத்துப் பார்த்தேன். ஒரே நிறம், ஒரே வாசனை, ஒரே ருசி.

அதனால்தான் பயமாக இருக்கிறது. திருப்பிப் போடும்போது டப்பாவை மாற்றிவிட்டேனா என்று தெரியவில்லை. நேற்றிலிருந்து முட்டி வேறு வலிக்கிறது.