நான் வாசிக்காமல் விட்ட பதினான்காம் விதி

மொழிபெயர்ப்பில் நான் ஒரே ஒரு முறைதான் மோசடி செய்திருக்கிறேன். அதற்காக வருந்துகிறாயா என்று யாராவது கேட்டால், முக்கால் பங்கு இல்லை என்பதே என் பதில். மீதிக் கால் பங்கு என் அண்ணிக்குச் சேர வேண்டியது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நாங்கள் மொன்றியலுக்கு வந்த இரண்டாவது கோடை அது. ரொக்ஸ்பரோ ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு மாடிக் குடியிருப்பில் அண்ணை, அண்ணி, நான் ஆகிய மூவரும் இருந்தோம். அண்ணை ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். மட்டக்களப்பைச் சேர்ந்த அண்ணி ஒரு தையல் தொழிற்சாலைக்குப் போனார். நான் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் ஒரு கல்லூரியில் இலக்கியம் படித்தேன்; மற்ற நேரங்களில் சுற்றியிருந்த தமிழர்களுக்கு வரும் கடிதங்களையும் படிவங்களையும் மொழிபெயர்த்தேன். ஒரு காற்புள்ளியைக்கூடத் தவறவிடமாட்டேன் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. (அந்தப் பெயரைப் பெரும்பாலும் நானேதான் பரப்பினேன்.)

பக்கத்துப் பூங்காவில், வயது வந்த ஆண்களும் பெண்களும் சேர்ந்து ஆடும் விஃபிள் போல் போட்டித்தொடர் ஒன்று நடந்தது. பேஸ்போலின் சாதுவான தம்பி என்று அந்த ஆட்டத்தைச் சொல்லலாம். பந்து பிளாஸ்டிக்கால் ஆனது, உள்ளே ஒன்றுமில்லை, ஒரு பக்கத்தில் மட்டும் எட்டுத் துளைகள். துடுப்பும் பிளாஸ்டிக்தான், மஞ்சள் நிறம், விளக்குமாற்றுத் தடியின் பருமன். எங்கு பட்டாலும் நோகாது. ஊரில் கிரிக்கெட் பந்தால் பல் உடைந்த, சுற்றியிருந்த தமிழ் ஆண்கள் இதைப் பார்த்துச் சிரித்தார்கள். பின்னர் ஓர் அணியாகப் பதிவு செய்தார்கள். நான் அதற்குத் ‘துளைப்பந்து’ என்று பெயர் சூட்டினேன். அவர்கள் ‘ஓட்டைப் போல்’ என்றார்கள்.

பதிவு செய்ததும் பதினொரு பக்க விதிப் புத்தகம் ஒன்று வந்தது. ஒரு சனிக்கிழமை மாலை எங்கள் கூடத்தில் ஆண்கள் தரையில் அமர்ந்திருக்க, நான் நின்றபடி விதிகளைத் தமிழில் வாசித்தேன். களத்தில் எப்போதும் குறைந்தது இரண்டு பெண்கள் இருக்க வேண்டும் என்றது மூன்றாம் விதி. எல்லாத் தலைகளும் முதலில் அண்ணியை நோக்கியும், பிறகு என்னை நோக்கியும் திரும்பின. இவ்வாறு நான் ஒரு விளையாட்டு வீராங்கனை ஆனேன். ஆட்டம் முடியும்வரை பியர் அருந்தக் கூடாது என்றது ஆறாம் விதி. “முடிஞ்சாப் பிறகு கட்டாயம் குடிக்கவேணுமோ?” என்று ஒருவர் அக்கறையோடு கேட்டார். அடித்தவுடன் துடுப்பைக் கீழே போட்டுவிட்டு ஓட வேண்டும் என்றது ஒன்பதாம் விதி. இருபத்திரண்டாவதும் கடைசியுமான விதி, தொடரில் கடைசி இடத்தைப் பெறும் அணி அடுத்த கோடையில் தன் இடத்தைக் காத்திருக்கும் அணிக்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்றது.

பதினான்காம் விதியை நான் வாசிக்கவில்லை. பதின்மூன்றிலிருந்து பதினைந்துக்குப் போனேன். எவரும் எண்ணிக்கொண்டிருக்கவில்லை.

மூன்று தரம் பந்தைத் தவறவிட்டால் ஆட்டமிழப்பு. ஆனால் ஆடுபவர் பெண்ணாக இருந்து, அவருடைய அணித்தலைவர் கேட்டுக்கொண்டால், நாலாவது வாய்ப்பு ஒன்று தரப்படும். இதுதான் அந்த விதி. என் குளிரங்கி ஒரு தேவாலயத்தின் நிலவறையில் இரக்கத்தோடு தரப்பட்டது. அதன் கழுத்துப்பட்டியில் வேறொரு பெண்ணின் பெயர் தைக்கப்பட்டிருந்தது. கட்டில் தந்தார்கள், கரண்டிகள் தந்தார்கள். எல்லாவற்றுக்கும் நான் பிரெஞ்சில் ‘மெர்சி’ என்று நன்றி சொன்னேன். பந்தையும் இரக்கப்பட்டுத் தந்தால், அதற்குச் சொல்ல என்னிடம் மெர்சி மிச்சம் இருக்கவில்லை.

கோடை முழுவதும் தோற்றோம். எங்கள் ஆண்கள் பந்தை அடித்துவிட்டுத் துடுப்போடுதான் ஓடினார்கள். ஓடித் தொட வேண்டிய முதல் தளத்தை நெருங்கியதும், கிரிக்கெட்டில் செய்வதுபோல அதை நீட்டி நிலத்தில் ஒரு கோடு இழுத்தார்கள். நடுவர் ஒவ்வொரு முறையும் ஆட்டமிழப்புக் கொடுத்தார். நான் களத்தின் தொலைவான மூலையில் நின்றேன். பந்து என்னை நோக்கி வந்தால், மரியாதையாக ஒதுங்கி அதற்கு வழிவிட்டேன். அண்ணி போன ஒவ்வொரு தடவையும் மூன்றாவதில் ஆட்டமிழந்தார். எதிரணிப் பெண்களோ முதலாவதிலேயே அடித்துவிட்டு ஓடினார்கள். ஆகவே நாலாவது என்று ஒன்று இருப்பது எங்கள் பக்கத்தில் என்னைத் தவிர எவருக்கும் தெரியவரவில்லை.

அண்ணை மட்டும் ஒவ்வொரு ஞாயிறும் சட்டையை மினுக்கிப் போட்டுக்கொண்டு வந்தார். சட்டைப் பையில் அணிப் பட்டியல் இருக்கும். அவருடைய பெயர் எழுதப்பட்ட எல்லாத் தாள்களிலும் அவர் ‘விண்ணப்பதாரர்’. அந்த ஒரு தாளில் மட்டும் ‘தலைவர்’.

கடைசி ஆட்டத்துக்கு வந்தபோது எங்களுக்கும் எதிரணிக்கும் ஒரே புள்ளிகள். தோற்பவர் கடைசி இடம். அடுத்த கோடையில் பூங்கா இல்லை. கடைசிச் சுற்றில் நாங்கள் ஓர் ஓட்டம் பின்தங்கியிருந்தோம். மூன்று தளங்களிலும் எங்கள் ஆட்கள். இரண்டு பேர் ஏற்கெனவே ஆட்டமிழந்திருந்தார்கள்; மூன்றாமவரோடு ஆட்டம் முடிந்துவிடும். அடுத்து ஆட வேண்டியவள் நான். (பட்டியலில் என்னைக் கடைசியாகப் போட்டது, என் முறை வரவே கூடாது என்பதற்காக.)

முதல் பந்து என்னைக் கடந்துபோன பிறகு துடுப்பை வீசினேன். இரண்டாவதை அகலப்பந்து என்று தீர்மானித்து விட்டுவிட்டேன். நடுவர் வேறு விதமாகத் தீர்மானித்தார். மூன்றாவதுக்கு வீசிய வீச்சில் நான் ஒரு முழுச் சுற்றுச் சுற்றினேன். மூக்குக்கண்ணாடி பறந்து போயிற்று. பந்து மட்டும் ஒன்றும் நடவாததுபோல வந்து சேர்ந்தது.

நடுவர் வெள்ளை மீசை வைத்த, நல்ல மனம் கொண்ட ஓய்வுபெற்ற தபால்காரர். தலைவர்தான் கேட்க வேண்டும் என்று கோடை முழுவதும் பேசாதிருந்த அவர், அன்று அண்ணையைப் பார்த்து, நாலாவதைக் கேட்கிறீர்களா என்றார். அண்ணைக்கு விளங்கவில்லை. நடுவர் தன் பின் பையிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்துத் திறந்து, விரலை வைத்துக் காட்டினார். அண்ணை என்னைக் கூப்பிட்டார்.

“உதில என்ன எழுதிக் கிடக்கு?”

“பொம்பிளையளுக்கு நாலாவது தரம். நீங்கள் கேட்டால் தருவினம்.”

“நீ வாசிக்கேக்க உது இருக்கேல்லையே.”

“இருந்தது. நான் வாசிக்கேல்லை.”

தளங்களில் நின்ற மூவரும் ஒற்றைக் காலைத் தளத்திலிருந்து எடுக்காமல் எங்கள் பக்கம் சாய்ந்தார்கள். ஆட்டக்காரர் வாங்கில் உட்கார்ந்திருந்த அண்ணி எழுந்து வந்தார். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அன்றும் குரலை உயர்த்தவில்லை.

“பதினேழு தரம் அவுட்டாகிப் போனன். என்ட நாலாவது பந்த எங்க புள்ள வச்சிருக்காய்?”

நான் பறந்துபோன கண்ணாடியைத் தேடுவதுபோலக் குனிந்தேன். அண்ணி என் கையிலிருந்த துடுப்பைப் பிடித்தார். உனக்கு வேண்டாமென்றால் விடு, நான் அடிக்கிறேன் என்றார். ஆள் மாறி அடிக்கப் பதினோராம் விதி இடம் தராது என்று நான் தெரிவித்தேன். (ஒரு விதியை ஒளித்தவள் இன்னொரு விதியை மேற்கோள் காட்டிய அந்தக் கணத்தை நினைத்தால் இன்றும் காது சுடுகிறது.)

பிறகு நடுவரை நோக்கித் திரும்பி ஆங்கிலத்தில் உரையாற்றினேன். பிறர் எழுதியதை வாசிப்பதன்றிச் சபையில் வாய் திறக்காத நான், எல்லோருக்கும் நான்கு தாருங்கள், அல்லது எல்லோருக்கும் மூன்று தாருங்கள், தனியாக எனக்கு ஒன்று வேண்டாம் என்று மூன்று பத்திகளில், தக்க இடைவெளிகளுடன் எடுத்துரைத்தேன். முடித்தபோது யாரோ என் கண்ணாடியைக் கொண்டுவந்து தந்தார்கள். போட்டுப் பார்த்தேன். நான் உரையாற்றியது எதிரணியின் பந்து பிடிப்பவரிடம். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

“கேக்கட்டோ?” என்றார் அண்ணை.

“கேட்டாலும் நான் அடிக்கமாட்டன்.”

அண்ணை பட்டியலை எடுத்து ஒருமுறை பார்த்தார். அதை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு நடுவருக்கு மூன்று விரல்களைக் காட்டினார்.

நாங்கள் தோற்று ஆட்டம் முடிந்துவிட்டதால் ஆறாம் விதி தடையாக இல்லை. ஆயினும் ஒருவரும் பியர் போத்தலைத் திறக்கவில்லை. வீட்டுக்கு நடக்கும்போது அண்ணை ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: “இனி எல்லாத்தையும் வாசி. வேண்டாமெண்டு நாங்களே சொல்லுவம்.”

ஆறு வருடங்கள் ஆகின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணி தோசை சுடுவார். எனக்கு மூன்று போட்டதும், தட்டகப்பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “கப்டன், இவவுக்கு நாலாவது கேக்கிறீங்களா?” என்பார். அண்ணை வாயில் தோசையோடு மூன்று விரல்களைக் காட்டுவார். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் கதை புதிதாகச் சொல்லப்படும். கடைசியாகக் கேட்டபோது என் உரை அரை மணித்தியாலம் நீண்டிருந்தது, பந்து பிடிப்பவர் அழுதுகொண்டிருந்தார்.

எல்லோரும் எழுந்த பிறகு அண்ணியை உட்காரவைத்து நான் சுடுகிறேன். அவருக்கு நான்கு. அதை எந்தத் தலைவரும் கேட்க வேண்டியதில்லை.

ஆனால் பதினான்காம் விதி பிழையானது என்றே இன்றும் சொல்கிறேன். மூன்று தோசையோடு எழுந்து, பசியோடுதான் சொல்கிறேன்.