நாற்பத்தொரு சிவப்பு வட்டங்கள்

அறிவிலும் அடக்கத்திலும் சிறந்த தம்பி அவர்களுக்கு,

அண்ணி எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். உங்கள் அண்ணன் போய் நான்கு மாதமாகிறது, பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது, நூற்றிருபது சீருடைகள் தைத்தாக வேண்டும், ஆகவே நலமாக இல்லாமலிருக்க நேரமில்லை. அங்கே நீங்களும் உங்கள் மனைவியும் உங்கள் இரத்த அழுத்தமும் நலமென்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தை உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

நீங்கள் அனுப்பிய கட்டு முந்தாநாள் வந்தது. அவருடைய கடைசி நாவலின் புரூஃப் தாள்கள், அதற்கு நீங்கள் எழுதிய பதினான்கு பக்க முன்னுரை, கூடவே "பத்து நாளில் அச்சுக்குப் போகிறது, பார்த்து மகிழவும்" என்று ஒரு சீட்டு. மகிழ்ந்தேன் தம்பி. அவர் உயிரோடு இருந்தவரை அவருடைய எந்தப் புத்தகத்திலும் அட்டையைத் தாண்டாதவர் நீங்கள். கல்லூரியில் முப்பது வருடம் பௌதிகம் நடத்தியவர். "அண்ணன் எழுதுறது விஞ்ஞானமும் இல்ல, கதையும் இல்ல" என்று என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, நான் போட்ட தேநீரைக் குடித்துக்கொண்டே சொன்னவர். இப்போது பதினான்கு பக்கம் புகழ்ந்திருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு நல்ல வார்த்தை வாங்க மனுஷன் என்ன பாடுபட வேண்டியிருக்கிறது பாருங்கள். முன்னுரையை விரல் வைத்து எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்தேன்; ஐந்தாவதோடு நின்றவளுக்கு உங்கள் தமிழ் கொஞ்சம் உயரம். மூன்றாம் பக்கத்தில் "குடும்பச் சூழல் அவருடைய படைப்பாற்றலுக்கு ஒத்துழைக்கவில்லை" என்று போட்டிருக்கிறீர்கள். இந்த வீட்டில் இருந்தது மொத்தம் இரண்டு பேர். அதில் ஒருவர் படைப்பாற்றல். மிச்சமிருக்கிற குடும்பச் சூழல் யாரென்று கண்டுபிடிக்க எனக்குப் பௌதிகம் தேவைப்படவில்லை.

சூழலைப் பற்றிச் சூழலே சொல்லிவிடுகிறேன், அடுத்த பதிப்புக்கு உதவும். நான்காவது மாடியில் இரண்டு அறை. ஒன்றில் என் தையல் மிஷின், வெட்டிய துணி, பட்டன் டப்பாக்கள். இன்னொன்றில் கட்டில், கட்டிலுக்கு அடியில் அவருடைய ஒன்பது நாவல்கள், கட்டுக் கட்டாக. பதிப்பகத்திடம் கொடுத்தால் கதையில் கை வைப்பார்கள் என்று எல்லாவற்றையும் தானே அச்சுப் போட்டார். அவர் நினைத்தபடியே யாரும் கை வைக்கவில்லை, வாங்குவதற்குக்கூட. பகலெல்லாம் ஊரில் உள்ள லிஃப்டுகளைப் பழுது பார்ப்பார், சாயங்காலம் வந்து என் இஸ்திரி மேஜையில் எழுதுவார். ஒரு சட்டையைத் தேய்க்க வேண்டுமென்றால் நான் இரண்டு கிரகங்களை ஒதுக்கி வைக்க வேண்டும். எழுதி முடித்ததும் மிஷினுக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து எனக்கு உரக்கப் படிப்பார். நான் பாட்டுக்கு மிதித்துக்கொண்டே கேட்பேன். எங்கேயாவது எனக்குப் புரியவில்லையென்றால், இல்லை புரிந்து பொறுக்கவில்லையென்றால், கால் தானாக நின்றுவிடும். மிஷின் நின்றால் அவரும் நின்றுவிடுவார். "என்ன?" என்பார். "முன்னூறு பேர் பதினோரு வருஷமா ஒரே விண்கப்பல்ல போறாங்களே, தோச்ச துணிய எங்க காயப்போடுறாங்க?" என்பேன். "அதெல்லாம் கதைல வராது" என்பார். "அப்ப ஈரத்துணியோடவா சண்டை போடுறாங்க?" என்பேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்ப் படுத்துவிடுவார். மறுநாள் சாயங்காலம், எஞ்சின் அறைச் சூட்டில் நீளக் கொடி கட்டி முன்னூறு பேரின் துணியும் காய்கிற மாதிரி ஒரு பத்தி எழுதிக்கொண்டு வருவார். அப்படிச் சேர்த்த பத்தியைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலால் ஒரு வட்டம் போடுவார், அதை மட்டும் எனக்கு இன்னொரு தடவை படித்துக்காட்டி நான் மிதிக்கிறேனா நிற்கிறேனா என்று பார்ப்பதற்கு.

தம்பி, அந்த வட்டங்களைத்தான் நீங்கள் எடுத்துவிட்டீர்கள். வந்த அன்றே போன் செய்தேனே.

"தம்பி, வட்டம் போட்ட இடமெல்லாம் எங்க?"

"எடுத்தாச்சு அண்ணி. அண்ணனே எடுக்கச் சொல்லித்தான் சிவப்புல வட்டம் போட்டிருக்கான். அவன் கடைசி விருப்பம் ஆச்சே, ஒண்ணுகூட விடல. மொத்தம் நாப்பத்தொண்ணு."

"ஐயோ, அது எடுக்கச் சொன்னது இல்ல தம்பி. நான் மிஷின நிறுத்தின இடம்."

"எந்த மிஷின்?"

"தையல் மிஷின்."

அப்புறம் போனைக் கையால் பொத்தியதாக நினைத்துக்கொண்டு உங்கள் மனைவியிடம் சொன்னீர்கள்: "பாவம், அண்ணிக்கு இன்னும் மனசு தெளியல." அவள் சொன்னதும் கேட்டது: "வயசாகுதில்ல, கொஞ்ச நாள் இங்க கூட்டிட்டு வந்து வெச்சுக்கலாமா?" நீங்கள் உடனே, "அவ்வளவுக்கெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றீர்கள். உங்கள் கரிசனத்துக்கு நன்றி.

மனசு தெளிவாகத்தான் இருக்கிறது. உங்கள் புரூஃபில்தான் தெளிவு போதவில்லை. எண்பத்தெட்டாம் பக்கத்தைப் பாருங்கள். எதிரி ஒற்றன் ஒளிந்துகொண்டிருக்கிறான். எதற்குப் பின்னால்? காய்கிற போர்வைகளுக்குப் பின்னால். கொடியையும் போர்வையையும் நீங்கள் எடுத்துவிட்டீர்கள். இப்போது அவன் நட்டநடுவில் நின்றுகொண்டு ஒளிந்திருக்கிறான், கப்பலில் முன்னூறு பேருக்கும் கண் அவிந்துவிட்டது போலிருக்கிறது. நூற்றுப் பதினாறில் ஆறு கை உள்ள ராஜதூதர் பெரிய சபைக்கு வருகிறார். ஆறு கைக்குச் சட்டை எப்படித் தைத்தார்கள் என்று கேட்டு நான் மூன்று நாள் மிஷினை நிறுத்தி வைத்தேன். கடைசியில் நானே பழைய துணியில் வெட்டிக் காட்டி, அதைப் பார்த்து எழுதினார். அந்த வட்டமும் போயிற்று. பாவம் அந்த மனுஷன் அத்தனை பெரிய சபையில் வெற்றுடம்போடு உட்கார்ந்து சமாதானம் பேசுகிறார்.

அதையெல்லாம்கூட விடலாம். கேப்டனின் மனைவிக்கு நீங்கள் செய்ததை விடமாட்டேன். இதற்கு முந்தின ஒன்பது நாவலிலும் கேப்டனின் மனைவி பத்தாம் பக்கத்தைத் தாண்டியதில்லை. ஒருத்தி விண்கல் விழுந்து, ஒருத்தி விஷக்காற்றில், ஒருத்தி ஒரு காரணமும் இல்லாமல் ஜன்னல் வழியாக. பத்தாவது நாவல் ஆரம்பித்த அன்றே கேட்டுவிட்டேன்.

"ஏங்க, இவளையும் கொன்னாச்சா?"

"இன்னும் இல்ல. கதை நகரணும்ல?"

"நகரணும்னா அவன் சாகட்டும். நான் எத்தன தடவதான் சாவேன்?"

சிரித்தார். ஸ்டூலில் இருந்து விழப்போகிற மாதிரி சிரித்தார். இந்தப் புத்தகத்தில் அவளைக் கடைசி வரைக்கும் உயிரோடு வைத்தார். நான் சொன்னதைக் கேட்டார் தம்பி, வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, அதுவும் முழுசாகக் கேட்டுத் தொலைத்தார். ஊர் லிஃப்டையெல்லாம் ஓட வைத்த மனுஷன், எங்கள் கட்டடத்து லிஃப்ட் ஓடாத ஒரு நாளில் சாமான் பையோடு படி ஏறி, மூன்றாவது மாடியில் மூச்சு வாங்க உட்கார்ந்தார். மேலே வரவில்லை.

நாற்பத்தொன்றில் பத்தொன்பது அவளுடைய வட்டம். அவள் பேசுகிறது, சண்டை போடுகிறது, கேப்டனைப் பார்த்து "முதல்ல செருப்பக் கழட்டிட்டு உள்ள வா" என்கிறது. எல்லாம் போயிற்று. நீங்கள் அச்சடிக்கப் போகிற புத்தகத்தில் அவள் உயிரோடுதான் இருக்கிறாள், வாய்தான் இல்லை. அதுதான் விஞ்ஞானத்துக்கு ஒத்துவரும் என்று நினைத்தீர்களோ என்னவோ.

ஆகவே நான் சொல்வது இதுதான். நாற்பத்தொன்றையும் இருந்த இடத்தில் வையுங்கள். முன்னுரையில் இருக்கிற குடும்பச் சூழலை எடுங்கள். அவர் எழுதியதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற உங்களுக்கும் உரிமை இல்லை, எனக்கும் இல்லை, யாருக்கும் இல்லை. எனக்கு இந்தக் கதைகள் மேல் தனியாக ஆசை ஒன்றும் கிடையாது, மிஷின் சத்தத்துக்குத் துணையாக இன்னொரு சத்தம், அவ்வளவுதான். நாலு மாதமாக அது இல்லாமலும் தையல் நேராகத்தான் போகிறது. அவர் பெயர் போட்ட புத்தகம் அவர் எழுதினபடி வரவேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

உங்கள் மனைவிக்கு என் அன்பு. என்னைக் கூட்டிக்கொண்டு போய் வைத்துக்கொள்ள நினைத்த மனசுக்கு அவள் நூறு வருஷம் நன்றாக இருக்கவேண்டும். உங்களுக்குப் பெரியவள் என்ற முறையில் என் ஆசீர்வாதம். மாத்திரையை நேரத்துக்குப் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணி

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால் கடைசி அத்தியாயத்தைப் படித்தேன். அதை மட்டும் அவர் எனக்குப் படித்துக்காட்டவில்லை, நேரமில்லாமல் போயிற்று. காலையிலிருந்து மிஷினை மூடி வைத்துவிட்டு நானே எழுத்துக்கூட்டினேன். கேப்டன் சின்னக் கப்பலில் தனியாகப் போகிறான், திரும்ப மாட்டான். "அவள் கையசைத்தபடி நின்றாள்" என்று முடித்துவிட்டார். இதை நீங்கள் உலகத்தரமான முடிவு என்கிறீர்கள். எவ்வளவு நேரம் நின்றாள் தம்பி? கை வலிக்கவில்லையா? கதவை யார் சாத்தினார்கள்? உள்ளே போய் முதலில் எதைத் தொட்டாள்? மேலே ஒரு எழுத்தையும் யாரும் மாற்றக்கூடாது என்று எழுதியிருக்கிறேனே, அதை அடித்துவிடுங்கள். குடும்பச் சூழல் ஒத்துழைக்கவில்லை என்ற வரியும் இருக்கட்டும், அது உண்மையாகப் போகிறது. கதை அந்த வரியில் முடியக்கூடாது. உள்ளே போய் அவள் என்ன செய்தாள் என்று அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். நாலு வரிதான் வரும். மூன்று எழுதிவிட்டேன். நாலாவது வரவில்லை. வரும்வரை அச்சகத்தாரை நிறுத்தி வையுங்கள்.