உடைக்கிற கம்பி

மூன்றாவது கம்பியும் 'டக்'கென்று இரண்டாகப் போனது.

கலவையார் துண்டுகளைப் பொறுக்கி ஓரமாகப் போட்டார். உலோகக் கலவைகளோடு மல்லுக்கட்டியே தலை நரைத்ததால் ஆய்வுக்கூடத்தில் அவருக்கு அந்தப் பெயர். கடுங்குளிரில் சாதாரண இரும்பு பிஸ்கட் மாதிரி நொறுங்கும். அவர் செய்த கம்பி நொறுங்கக் கூடாது. கடினமான தகடு ஒன்று, இளகிய தகடு ஒன்று என்று மாற்றி மாற்றி அடுக்கி அழுத்திய சரக்கு அது. பலமும் இருக்கும், வளைந்தும் கொடுக்கும்.

"உங்ககிட்ட இல்லாத ரெண்டு குணத்தையும் அதுல போட்டுட்டீங்க" என்பாள் மனைவி.

குளிர்த் தொட்டிகள் செய்யும் கம்பெனிக்காரர் சோதனையைப் பார்க்க மத்தியானம் வருகிறார். அவர் கண்முன் கம்பி உடைந்தால் ஆராய்ச்சிக்கு மூடுவிழா. பிறகு மச்சானின் ஆணித் தொழிற்சாலைதான் கதி. மச்சான் காலையிலேயே போன் செய்துவிட்டான்.

"மாமா, உங்களுக்குத் தனி மேசை போட்டாச்சு. ஜன்னலோரமா."

"நான் இன்னும் தோக்கலடா!"

"அவசரமில்ல மாமா. மெதுவா தோத்துட்டு வாங்க."

குளிர் சீராக ஏறவில்லையோ என்று அடுத்த கம்பியைத் திரவ நைட்ரஜனில் கூடுதல் நேரம் ஊறவைத்தார். முன்னைவிட அழகாக உடைந்தது. சரி, கோளாறு இயந்திரத்தில்தான் என்று கம்பியை அடித்துச் சோதிக்கும் சுத்தியலின் திருகைக் கொஞ்சம் தளர்த்தினார். இந்த முறை பாதிக் கம்பி பறந்துபோய் விளக்கைப் பெயர்த்தது.

சத்தம் கேட்டு இயக்குநர் அம்மாள் ஓடி வந்தார்.

"என்ன சத்தம் அது?"

"லைட்டு மேடம். வயசாயிடுச்சு."

"நீங்க ரெடியாத்தான் இருக்கீங்க போல. அவர் வந்து உக்காந்திருக்கார், இப்பவே கூட்டிட்டு வரேன்."

கலவையார் திருகை முறுக்கிவிட்டு ஸ்டோருக்கு ஓடினார். அங்கே எவர்சில்வர் கம்பிகள் இருக்கும். எந்தக் குளிரிலும் வளையுமே தவிர உடையாது. பளபளப்பாகத் தேய்த்துவிட்டால் எல்லாக் கம்பியும் ஒரே முகம். யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?

ஸ்டோர்க்காரம்மா வேலைக்குப் புதிது.

"ஒரு கம்பி வேணும்மா" என்றார், குரலைத் தாழ்த்தி. "உடையாத கம்பி."

"காலையில உடைக்கிற கம்பி கேட்டீங்க. இப்ப உடையாததா?"

"கத்தாதம்மா! குளிர்ல போட்டாலும் உடையாதது. புரியுதுல்ல?" கண்ணைச் சிமிட்டினார்.

"இதுக்கு எதுக்கு சார் கண்ணடிக்கிறீங்க?" என்று முறைத்துவிட்டு உள்ளே போய் ஒரு கம்பியை எடுத்து வந்து கொடுத்தாள்.

கம்பெனிக்காரர் பார்க்க, கம்பி நைட்ரஜனில் முங்கி எழுந்தது. வெண்புகை பறக்க, சுத்தியல் இறங்கியது.

'தொம்.'

கம்பி முழங்கை மாதிரி மடங்கி நின்றது. ஒரு கீறல் இல்லை.

"பிரமாதம்!" கம்பெனிக்காரர் கலவையாரைக் கட்டிக்கொண்டார். "இதையே வச்சு எங்க தொட்டி எல்லாத்தையும் செஞ்சிடுவோம். பக்கத்துல ஆளுங்க தைரியமா நின்னு வேலை செய்யலாம்."

கலவையாரின் சிரிப்பு பாதியில் நின்றது. தொட்டிக்குப் போகப் போவது இந்தக் கம்பி இல்லை. காலையில் சிதறிய சரக்கு. அதன் பக்கத்தில் ஆள் நிற்பான். ஜன்னலோர மேசை கண்முன் வந்து போனது. காற்றாவது வரும்.

"மேடம், நான் ஏமாத்திட்டேன்" என்றார். "இது என் கம்பி இல்ல. என் கம்பி காலையிலேர்ந்து உடைஞ்சுக்கிட்டே இருக்கு. இதை ஸ்டோர்லேர்ந்து வாங்கிட்டு வந்தேன்."

இயக்குநர் அம்மாளின் முகம் சுருங்கியது. கம்பெனிக்காரர் ஓரடி பின்வாங்கினார்.

வாசலில் இருந்து ஸ்டோர்க்காரம்மாவின் தலை எட்டிப் பார்த்தது.

"சார், மெஷினைச் சோதிக்கிறதுக்குன்னே வர்ற உடைக்கிற கம்பியெல்லாம் காலையிலயே தீத்துட்டீங்க, இனிமே உங்க பேர் போட்ட பெட்டியிலேர்ந்துதான் தரணும், அதுல இப்பதான் முதல்முதலா ஒண்ணு எடுத்து உங்ககிட்ட குடுத்தேன், மீதி அப்படியே இருக்கு!"